ஃபுளோரன்ஸில் ஐந்து மாதம்: மொழி வகுப்புக்குப் பாதி நேரத்தைக் கொடுக்கலாமா?

குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருவையாறு பக்கம். ஓவியம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. மாணவர் பரிமாற்றத்தில் வரும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் சம்மதம் வாங்கவே இரண்டு மாதம் ஆனது. சம்பா அறுவடை நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று எனக்கே மனசு கேட்கவில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "மேட்டூர் திறக்கறதுக்குள்ள வந்துடுவியா?"

என் குழப்பம் இது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். இத்தாலியில் ஒரு கிரெடிட்டுக்கு 25 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் ஓவிய வகுப்புகள்; ஐந்து மாதமும் தூரிகையோடு இருக்கலாம். இன்னொன்று, ஏறக்குறைய பாதி நேரம் இத்தாலிய மொழி வகுப்பு. மீதி நேரம் சுவரோவியமும், பலகையில் தங்க இழை ஒட்டும் பொன்னிடலும் கற்றுத்தரும் பட்டறை. அந்தப் பட்டறை இத்தாலிய மொழியில்தான் நடக்கும்.

எனக்குச் சுவரோவியம் கற்க ஆசை. ஆனால் கடன் வாங்கிப் போகிற ஐந்து மாதத்தில் பாதியை வினைச்சொல் மனப்பாடம் செய்யக் கொடுப்பது சரியா? போய் வந்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

——

நாகைத்தம்பி எழுதியது:

முதல் வழியை எடுங்கள். நான் வேலைக்காக ஜெர்மனியில் இரண்டு ஆண்டு இருந்தேன். ஆங்கிலமே போதுமாக இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு மொழியும் வராது, திரும்பி வந்ததும் பேச ஆளில்லாமல் ஆறு மாதத்தில் மறந்தும் போகும். கையில் நிற்பது வரைந்த படங்கள்தான். நாளைக்கு வேலைக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

——

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பாப்பா, இரண்டாவது வழியை எடு. காரணம் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து நானும் அதே ஊருக்கு ஒரு செமஸ்டர் போனேன். நாகைத்தம்பி சொன்ன அதே கணக்கைப் போட்டு ஆங்கில வகுப்புகளை எடுத்தேன். ஒரு மாதத்தில் மனசு சுவரோவியப் பட்டறைப் பக்கம் போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கினேன். மொழி தெரியாமல் உள்ளே போனேன்.

ஃப்ரெஸ்கோ என்ற இத்தாலியச் சொல்லுக்கே புதியது, ஈரம் போகாதது என்றுதான் பொருள். முதலில் சுவருக்கு ஒரு கரடான பூச்சு. அதற்கு ஆரிச்சோ என்று பெயர். அதன் மேல் செம்மண் நிறத்தில் முழுப் படத்தின் கோட்டு வரைவு, அது சினோப்பியா. அப்புறம் இன்தோனாகோ என்ற மெல்லிய மேல்பூச்சு. இதை முழுச் சுவருக்கும் பூசக் கூடாது. இன்றைக்கு எவ்வளவு வரைந்து முடிக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான். அந்த ஒரு நாள் துண்டுக்கு ஜொர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை என்று பெயர். வண்ணத்தில் கோந்து கிடையாது, பசை கிடையாது, தண்ணீரில் அரைத்த மண் நிறங்கள்தான். பூச்சில் இருக்கும் நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக மாறுகிறது. மாறும்போது வண்ணத்தையும் தனக்குள் வைத்து இறுகிவிடுகிறது. சில மணி நேரம்தான் அதற்கு இடம் கொடுக்கும். அந்த நேரம் தாண்டி வைத்த வண்ணம் விரலில் பொடியாக வரும்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வயதான ஒரு அம்மா. ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஈரச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டால் அவர் வாயில் இத்தாலியம்தான் வரும். முதல் நாள் என் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "தீரா, தீரா" என்றார். அகராதியில் தீராரே என்றால் இழுப்பது என்று படித்திருந்தேன். எதையோ இழுக்கச் சொல்கிறார் என்று நினைத்துச் சாரத்தில் கட்டியிருந்த துணியை இழுத்தேன். அவர் சொன்னது, பூச்சு தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிட்டது, வரைய வேண்டிய நேரம் இதுதான் என்று. நான் புரிந்துகொள்வதற்குள் அந்த நேரத்தில் பாதி போய்விட்டது. அன்றைக்குப் பூசியதைக் கொத்திப் போட வேண்டியதாயிற்று.

இரவு அறைக்கு வந்து படுத்தபோதுதான் தோன்றியது: எங்கள் வீடு கட்டும்போது கொத்தனாரும் இதையேதான் சொன்னார். "சுவரு தண்ணிய இழுக்குதும்மா, சீக்கிரம் பூசணும்." அதே வினைச்சொல். இதை யாராவது எனக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் பூச்சு இறுகுகிறது என்று ஒரு செய்தியாக மட்டும் காதில் விழுந்திருக்கும். இழுக்கிறது என்றால் கையில் தெரிகிறது. தூரிகையிலிருந்து சுவர் வண்ணத்தை உறிஞ்சுவதை விரல் உணர்கிறது.

இன்னொன்று, பொன்னிடும் வகுப்பில் நடந்தது. பலகையில் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் பொலோ என்ற செங்களிமண் பூச்சு, அதன் மேல் தங்க இழை. களிமண் பூச்சில் இருக்கும் பசையை எழுப்ப அதன் மேல் மூச்சு விட வேண்டும். எனக்கு ஊதுவதற்கான சொல் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் சொன்னது வேறு சொல். நான் ஊதினேன். பக்கத்துப் பெண்ணின் தங்க இழையும் என்னுடையதும் சேர்ந்து பறந்து தரையில் ஒட்டிக்கொண்டன. விளக்கை அணைக்க ஊதுவது ஒன்று. மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஹா என்று சூடாக மூச்சு விடுவது வேறு. அவர்களுக்கு முன்னதற்கு சொஃப்பியாரே, பின்னதற்கு அலிதாரே. பொன்னிடலின் பாதி நுட்பம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அதனால் மொழி வகுப்பு ஓவிய நேரத்தைத் தின்கிறது என்று எண்ணாதே. பட்டறையில் மொழிதான் முதல் கருவி. ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படி. ஏ2 வரை வந்துவிட்டால் பட்டறையில் சமாளிக்கலாம். இங்கிருந்தே ஏ1 முடித்துவிட்டுப் போ. இன்னும் நாள் இருக்கிறது.

——

தங்கரேக் எழுதியது:

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தஞ்சாவூரில் பலகை ஓவியம் செய்கிறோம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரச் சுவரில் வரைவதைப் படிக்க இத்தாலி எதற்கு? பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி வரும் உள்சுற்றில் ராஜராஜன் காலத்து ஓவியம் இருக்கிறது. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி வேறு படம் எழுதிவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும் வரை அடியில் சோழர் ஓவியம் இருப்பது வெளியே தெரியாது. அது ஈரச் சுண்ணாம்பில் வரைந்தது என்று சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆயிரம் வருஷம் நின்ற வேலை நம் ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்க்காமலே விமானம் ஏறுகிறார்கள்.

அப்புறம் பொன்னிடல். படத்தில் மேடு எழுப்ப வைக்கும் மக்குக் கலவையை அரைக்க உங்கள் கல்லூரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பலகையில் காடாத் துணியை ஒட்டி, சுக்கான் என்ற சுண்ணாம்புக்கல் பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கோடு போட்டு, கல் பதித்து, மக்கு வைத்து மேடு எழுப்பி, அதன் மேல் ரேக் என்ற தங்கத் தகடு ஒட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் வண்ணம். அந்தக் காலத்தில் பலா மரப் பலகை, புளியங்கொட்டைப் பசை. இப்போது ஒட்டுப்பலகையும் கடைப் பசையும் வந்துவிட்டன. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுகிற பதம் எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். எங்களிடம் கற்க வருகிறவர்கள் இரண்டு வாரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் மட்டும் ஆறு மாதம் தமிழ் படித்துவிட்டு வந்து எட்டு மாதம் இருந்தாள். அவள் மக்கு நன்றாகவே அரைப்பாள்.

——

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அய்யா, கடைசி இரண்டு வரியில் நீங்களே பாப்பாவுக்கு வழி சொல்லிவிட்டீர்கள்.

——

குடமுருட்டிக்கரை எழுதியது:

தங்கரேக் அய்யா, நீங்கள் சொன்னது உறைத்தது. பெரிய கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த உள்சுற்றுக்குப் பொதுமக்களை விடுவதில்லை என்பதால் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். மக்கு வேலையைக் கல்லூரியில் ஒரு நாள் செய்து காட்டினார்கள், அவ்வளவுதான். டிசம்பர் விடுமுறையில் உங்கள் பட்டறைக்கு வந்து உட்காரலாமா? பசை காய்ச்சுவதிலிருந்து பார்க்க ஆசை.

——

கொள்ளிடம் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். திருமானூரில் இருக்கிறேன், அம்மணியின் ஊருக்கு ஆற்றைத் தாண்டினால் எங்கள் ஊர். இங்கிருந்து ஏலாக்குறிச்சி பக்கம். இத்தாலிக்குப் போகுமுன் ஒரு நாள் அங்கே போய் வா அம்மா.

1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி இந்தப் பகுதியில்தான் இருந்தார். நமக்கு அவர் வீரமாமுனிவர். முப்பது வயதைத் தொட்ட பிறகு தமிழ் மண்ணுக்கு வந்து தமிழ் படிக்கத் தொடங்கியவர் 3615 பாடல்களில் தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார். ஏ, ஓ என்று நாம் இன்றைக்கு எழுதும் நெடில் வடிவங்கள் அவர் செய்த சீர்திருத்தம். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறு. பேச்சுத் தமிழுக்கென்று தனியாக ஓர் இலக்கணம் எழுதினார், இலத்தீன் மொழியில். செந்தமிழுக்கு வேறாக எழுதினார். வயல்காட்டில் பேசும் மொழிக்கும் இலக்கணம் உண்டு, அதையும் முறையாகப் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த நூல் பிறகு தரங்கம்பாடியில் அச்சானது. வெண்ணாற்றங்கரை சொன்ன கொத்தனார் மொழியும் அதுதானே.

இத்தாலிய மொழியில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அவரை ஆராயப் போய் வந்த பழக்கம். ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதே. தமிழை வைத்துப் படி. பார்லோ, பார்லி, பார்லா என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்கு இது புதுப் பாடம். உனக்கு மூன்று வயதில் வந்தது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் இருக்கிறது. பழகியவரிடம் தூ, மரியாதைக்கு லேய். ஆசிரியரிடம் தூ என்று தொடங்கிவிடாதே.

இரட்டிக்கும் மெய்யெழுத்தும் உனக்கு எளிது. அவர்கள் மொழியில் பேனா என்றால் துன்பம், தண்டனை. பென்னா என்றால்தான் எழுதும் பேனா. படம், பட்டம் என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பிடிபடும். ஞகரம்கூட இருக்கிறது. குளியலறைக்கு பாஞ்ஞோ. அதைச் சொல்ல மற்றவர்கள் திணறும்போது நீ ஞாயிறு என்று சொல்வது போல் சொல்லிவிடலாம்.

கஷ்டம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு ப என்று ஒரே எழுத்து. அவர்களுக்குக் குடிப்பது ஒரு பேரே, பேரிக்காய்கள் இன்னொரு பேரே. முதலாவது பம்பரத்தில் நடுவில் வரும் ஒலி, இரண்டாவது அதன் முதல் ஒலி. தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அவர்கள் எழுத்திலேயே எழுதிப் பழகு. பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசைக்கும் சுவருக்கும் பால் என்ன என்று தமிழ் மனசு கேட்கும். கேட்காமல் பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்.

——

மன்னைக்காரன் எழுதியது:

நான் மேற்படிப்புக்காக வட இத்தாலியில் நோவாரா பக்கம் இருந்தவன். ஓவியம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மற்ற விஷயங்களைச் சொல்கிறேன்.

90 நாளுக்கு மேல் தங்குவதால் டி வகை விசா எடுக்க வேண்டும். போய் இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறை அஞ்சலகத்தில் கிடைக்கும், 16 யூரோ முத்திரை ஒட்ட வேண்டும். அஞ்சலகத்தில் கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அட்டை கைக்கு வரும் வரை அதுதான் ஆதாரம். நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமலே மூன்று மாதம் இழுத்தடித்தார். ஒப்பந்தம் இத்தாலிய மொழியில் இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. மொழி வேண்டும் என்பதற்கு என் பக்கத்துக் காரணம் இது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படுவார். சோறு கிடைக்கும் என்று சொல்லுங்கள். போ ஆற்றுச் சமவெளியில் நோவாரா, வெர்செல்லி பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்தான். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் கட்டி விதைத்து செப்டம்பர், அக்டோபரில் அறுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு போகம். முதல் முறை அந்தத் தண்ணீர் நின்ற வயல்களை ரயிலிலிருந்து பார்த்தபோது நீடாமங்கலம் தாண்டுகிற மாதிரி இருந்தது, கண் கலங்கிவிட்டது. ஆனால் கர்னரோலி, ஆர்போரியோ என்று அங்கே விளையும் அரிசி குழைந்துதான் வரும், சாம்பாருக்குச் சேராது. இலங்கைக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள் கடையில் நம் அரிசி கிடைக்கும்.

——

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மன்னைக்காரர் சாப்பாட்டைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. பழைய முறைப் பலகை ஓவியத்தில் வண்ணத்தைக் குழைப்பது முட்டை மஞ்சள் கருவில். வெள்ளைப் பூச்சுக்குப் பசை முயல் தோலிலிருந்து. சைவக் குடும்பம் என்றால் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. சுவரோவியத்தில் இந்தச் சிக்கல் இல்லை, சுண்ணாம்பும் தண்ணீரும்தான்.

தங்கரேக் அய்யா கேட்டதற்கு வருகிறேன். பெரிய கோயில் இருக்கும்போது இத்தாலி எதற்கு? இந்தக் கேள்வி எனக்கும் நெடுநாள் இருந்தது.

1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆறு ஃபுளோரன்ஸுக்குள் புகுந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நம் வீடுகளில் எப்படிக் கோடு விழுமோ அப்படி அங்கே சுவர்களில் இன்னும் தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் குறி வைத்திருக்கிறார்கள். தண்ணீரோடு வெப்பமூட்டும் எண்ணெயும் கலந்து வந்து ஓவியங்களில் படிந்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் சிமாபுவே வரைந்த பெரிய சிலுவை வண்ணம் உதிர்ந்து போனது. அங்கேயே வசாரி வரைந்த கடைசி இராவுணவுப் படம் தண்ணீருக்குள் கிடந்தது. அதைச் சரிசெய்து மறுபடி வைக்க 2016 ஆனது, சரியாக ஐம்பது வருஷம். உப்பு ஏறிய சுவர்களிலிருந்து ஓவியத்தை மட்டும் தனியே உரித்தெடுக்கும் வேலை அந்த ஊரில் எவ்வளவோ நடந்திருக்கிறது. ஓவியத்தின் மேல் பசை தடவிய துணியை ஒட்டி, காய்ந்ததும் துணியோடு இழுத்தெடுப்பார்கள். உரித்த பிறகு அடியிலிருந்த சினோப்பியா கோடுகள் வெளியே வந்தன. நூற்றாண்டுக் கணக்கில் யாரும் பார்க்காத கோடுகள்.

இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய கோயில்தான் கண் முன்னால் வந்தது. சோழர் ஓவியத்தின் மேலிருந்த நாயக்கர் கால ஓவியத்தைச் சேதமில்லாமல் தனியே பிரித்தெடுத்துக் காப்பாற்றியது நம் தொல்லியல் துறை. இரண்டு காலத்து வேலையும் இன்றைக்கு இருக்கின்றன. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரு துண்டுச் சுவரைப் பூசி, வரைந்து, உரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் செய்தியாகத்தான் தெரியும்.

அய்யா, இன்னொன்று. அங்கேயும் தங்கம் முதலில், வண்ணம் பிறகுதான். வண்ணத்தின் மேல் இழை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த வரிசை. நீங்கள் சொன்ன அதே வரிசை. ஆனால் அவர்கள் இழை நம் ரேக்கை விட மிக மெல்லியது, கையால் தொட்டால் காணாமல் போகும். ஒட்டிய பிறகு அகேட் கல்லால் தேய்த்து மினுமினுப்பாக்குவார்கள்.

பாப்பாவுக்கு: மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். சான் மார்கோ மடத்தில் ஒவ்வொரு துறவியின் அறையிலும் ஃப்ரா ஆஞ்சலிகோவின் ஓவியம் இருக்கும். 27 வயதுக்குள் இறந்துபோன மசாச்சோ வரைந்தவை பிரான்காச்சி சிற்றாலயத்தில். அங்கே நின்று ஜொர்னாத்தா ஓரங்களைத் தேடு. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் கோடு தெரியும். அவர் எங்கே நிறுத்தினார், மறுநாள் எங்கே தொடங்கினார் என்று பார்க்கலாம்.

——

நாகைத்தம்பி எழுதியது:

இவ்வளவும் படித்தேன். என் வேலைக்கு ஆங்கிலம் போதுமாக இருந்தது, பட்டறை வேறு என்று புரிகிறது. ஆனாலும் படங்களின் எண்ணிக்கை குறையும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. தினம் ஒரு பக்கமாவது வரைந்துகொண்டிருங்கள், மொழி வகுப்பு நாளிலும்.

——

குடமுருட்டிக்கரை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன், இரண்டாவது வழி. டிசம்பர், ஜனவரியில் மூன்று வாரம் தங்கரேக் அய்யா பட்டறையில் இருந்தேன். முதல் நான்கு நாள் சுக்கான் பொடியைச் சலித்தது மட்டும்தான். அய்யா வீட்டு அம்மாதான் பசை காய்ச்சச் சொல்லிக் கொடுத்தார். ஏலாக்குறிச்சிக்கும் போய் வந்தேன். கொள்ளிடம் அய்யா தன் நோட்டைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து தினம் இருபது சொல் படிக்கிறேன். பட்டறைச் சொற்களுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன்: ஒரு பக்கம் அய்யா சொல்லும் சொல், எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே போய் நிரப்ப வேண்டும். தை அறுவடையை முடித்துக்கொண்டு கிளம்புகிறேன்.

——

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஏப்ரல் முதல் வாரம். ஃபுளோரன்ஸிலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடல் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

நேற்றைக்குத்தான் என் முதல் ஜொர்னாத்தா. ஒரு கை மட்டும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை. காலை ஏழரைக்குப் பூசினேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசிரியர் வாயைத் திறக்குமுன் நானே "தீரா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கட்டை விரல் நிழல் கடைசியாக வைத்தது, பூச்சு இறுகிவிட்டது, இன்றைக்குத் தடவினால் பொடி வருகிறது. மற்ற நான்கு விரலும் சுவரோடு சேர்ந்துவிட்டன. சாயங்காலம் மிச்சப் பூச்சை ஓரத்தில் சாய்வாக வெட்டி எடுக்கும்போது கை நடுங்கியது.

மொழி வகுப்பில் வாய்மொழித் தேர்வு வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்கள். மற்றவர்கள் சமையல் சொன்னார்கள். நான் தஞ்சாவூர்ப் பலகை சொன்னேன். ஊறவைக்கிறேன், அரைக்கிறேன், காய்ச்சுகிறேன், தேய்க்கிறேன் என்று வினைச்சொல் ஒவ்வொன்றாக வந்தது. புளிக்குத் தமரிந்தோ என்கிறார்கள், அதனால் அந்த இடத்தில் தப்பித்தேன். மக்குக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை, மக்கு என்றே சொன்னேன். பொன்னிடும் ஆசிரியர் காதுக்கு இது எப்படியோ போய், அடுத்த வாரம் பட்டறையில் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்த சுக்கான் பொடி அரைக் கிலோ இருக்கிறது. புளியங்கொட்டை கடையில் கேட்டு வாங்கிவிட்டேன்.

தங்கரேக் அய்யா, ஒரு உதவி. இங்கே ஒரு வாரமாக மழை, குளிர். பசை நம் ஊர் மாதிரி காயவில்லை. பொடிக்குப் பசை எவ்வளவு குறைக்க வேண்டும்?

——

தங்கரேக் எழுதியது:

அளவு சொல்ல வராதம்மா. ஐப்பசி மழையில் நாங்கள் செய்கிறபடி செய். பசையைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிக்கொள், ஒரே நாளில் மேடு எழுப்பாதே. மெல்லிசாக வை, காயட்டும், மறுநாள் அதன் மேல் வை. இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்துப் பிரித்தால் நூல் விடக் கூடாது. விட்டால் இன்னும் பொடி சேர். அடுப்புப் பக்கத்தில் காய வைக்காதே, வெடிக்கும்.

அந்த அகேட் கல்லின் முனை எப்படி வளைந்திருக்கிறது என்று பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பிடிக்கிற கையையும் சேர்த்து எடு. அதற்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் எழுது.